இத்தாவில் எரிந்த அடுப்பு

அஹமது இருந்தவரை அந்த வீட்டில் அடுப்பைத் தொடும் உரிமை வேறு எவருக்கும் இருந்ததில்லை. சமையல் அடுப்பையல்ல, முன்னறையில், செங்கல் நெருப்பிடத்தின் வாய்க்குள் செருகியிருந்த இரும்பு அடுப்பை. கடைக்காரர்கள் அதை இன்சேர்ட் என்பார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு. கீழே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி. மேலே கூரைவரை போகும் உருக்குக் குழாய். கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் அவர் வாங்கிய பழைய வீட்டோடு சேர்ந்து வந்தது. வீடு பார்க்கப் போன அன்று மனைவி ஸபீரா குசினியையும் அறைகளையும் சுற்றிப் பார்த்தார். அஹமது அந்த இரும்பின் முன்னால் குந்தியிருந்து, கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கூரை ஒழுகுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்கட வாப்பா வீடு வாங்கேல்லை. உந்த அடுப்பைத்தான் வாங்கினவர். வீட்டை அவங்கள் சும்மா சேத்துக் குடுத்தவங்கள்" என்று ஸபீரா பிள்ளைகளுக்குச் சொல்வார். அடுப்புக்கு அவர் வைத்த பெயர் "இவற்ற இளையதாரம்."

தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டவர் அஹமது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் சில வருடம். பிறகு கனடா. பார்க்டேலில் கரப்பான் நிறைந்த ஒரு அடுக்குமாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருந்துகொண்டு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கடைசியில் மரம் வெட்டும் கம்பனி ஒன்றில் நிலைத்தார். நகரமெங்கும் ஆஷ் மரங்களை வண்டு துளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தெருத் தெருவாக வெட்டி வீழ்த்தினார்கள். வெட்டிய குற்றிகளில் நல்லதாகப் பார்த்து அவர் வீட்டுக்கு ஏற்றிவருவார். பின்வளவில் பிளந்து, அடுக்கி, மேலே மட்டும் தறப்பாள் போட்டு, இரண்டு கோடை காயவிடுவார். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, சத்தம் பிடிக்காவிட்டால் திரும்ப அடுக்கிவிடுவார். "ஈரக் கட்டையை வைச்சால் நாங்கள் தண்ணியைத்தான் கொதிக்க வைக்கிறம்" என்பார். யாருக்கும் சொல்லிக் கொடுப்பதற்காக அல்ல. கட்டையைத் திட்டுவது அப்படி.

பற்றவைக்கப் பத்திரிகைத் தாள் வேண்டும். தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் குவிந்து கிடக்கும் வாரப் பத்திரிகைகளைக் கட்டாக அள்ளி வருவார். எரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். அல்லாஹ்வின் பெயரோ நோன்பு நேரமோ உள்ள பக்கம் விலகும். பிள்ளையார், முருகன், மாதா படம் உள்ள பக்கமும் விலகும். ஆட்கள் கும்பிடுவதை நாங்கள் எரிக்கக்கூடாது என்பார். மரண அறிவித்தல் பக்கங்களும் விலகும். மௌத்தான மனுசரின் முகத்தை எப்படி எரிப்பது? எஞ்சுவது வீடு விற்கும் ஏஜெண்டுமாரின் விளம்பரங்கள். குளிர்காலம் முழுவதும் ஸ்காபரோவின் ஏஜெண்டுமார் கோட்டும் டையுமாகச் சிரித்தபடியே எரிந்தார்கள்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

மகள் ஷம்லா நகர மையத்தில் தனியாக இருந்தவள். உயர்மாடிக் கட்டடங்களுக்குக் காற்றோட்ட அமைப்பு வடிவமைக்கும் பொறியியலாளர். இரண்டு பைகளோடு வந்து தன் பழைய அறையில் இறங்கினாள். வந்ததிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் "ஒரு யாசீன் ஓது பிள்ளை" என்றார்கள். ஒரு பக்கம் ஓதுவாள், எழும்பிவிடுவாள். கராஜை ஒதுக்கினாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். தண்ணீர்க் குழாயின் சொட்டை நிறுத்தினாள். கை சும்மா இருந்தால் சப்பாத்துக் கயிறு நினைவுக்கு வந்தது. வாப்பா ஒரு காலுக்குத்தான் முடிச்சுப் போட்டிருந்தார்.

ஸபீரா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டை விட்டு வெளியேறாமல், அலங்காரம் செய்யாமல், அந்நிய ஆண்களின் முன் வராமல் இருக்கும் காலம். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறார்கள் என்று மகன் ஸஜீத் கேட்டான். அவன் றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீட்டில் இருந்தான். தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்பது அவன் எண்ணம்.

"அங்க ஒரு அறை சும்மா கிடக்குது உம்மா. இத்தாவை அங்கயும் இருக்கலாம்."

"உன்ர வாப்பா இருந்த வீட்டிலதான் இருக்கோணும். நானும் ஓடியோடி வேலை செய்து, அந்த மனுசனுக்கு ஒழுங்கா ஒரு நேரம் சோறு போட்டனோ தெரியாது. இந்த ஒண்டையாவது ஒழுங்காச் செய்யிறன்."

ஸஜீத் தங்கையைத் தனியே கூப்பிட்டான். "சரி. நீ நிக்கிறாய் எண்டபடியால் விடுறன். ஆனா அம்பிட்டதுக்கெல்லாம் அந்த அடுப்பை மூட்டிக்கொண்டு, ஏதும் நடந்துதெண்டால் அண்டைக்கே உம்மாவைக் கொண்டுபோயிடுவன். அடுப்பைச் சீமெந்து வைச்சு மூடுவன்."

"ஒண்டும் நடவாது நானா" என்றாள் ஷம்லா அண்ணனிடம். அது அவள் தாய்க்காகக் கொடுத்த வாக்கு.

ஒக்டோபரில் குளிர் இறங்கியது. வீட்டைச் சூடாக்கக் காஸ் ஃபேர்னஸ் இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. ஸபீராவுக்கு அது போதவில்லை. இத்தனை வருடம் இளையதாரம் என்று வைதவர், இப்போது காலையில் எழும்பிவந்து அந்தக் குளிர்ந்த கண்ணாடியின் முன்னால்தான் இருந்தார்.

"மூட்டு மகள்."

"வாப்பா இந்த வருசம் சிம்னி துடைக்கேல்லை உம்மா. லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டு மூட்டுவம்."

"ஆளெண்டால் ஆம்பிளையோ?"

"ஆம்பிளைதான்."

"அப்ப இத்தா முடியட்டும்."

"முடிய மாசி வந்திடும். நான் மௌலவியைக் கேட்டனான். தேவைக்கு வரலாமாம். நீங்கள் உள் அறையில இருந்தால் சரியாம்."

"தேவையெண்டு அவருக்குத் தெரியுது. எனக்குத் தெரியேல்லை. நீ இஞ்சினியர்தானே, நீ பார்."

அவள் பார்த்தாள். பார்ப்பதற்கு ஒன்று கிடைத்ததே அவளுக்குப் பெரிய ஆறுதல். கராஜில் வாப்பாவின் தூரிகையும் பொருத்துக் கம்பிகளும் இருந்தன. ஏணி வைத்துக் கூரையில் ஏறி, மூடியைக் கழற்றி, குழாயை மேலிருந்து கீழ்வரை தேய்த்தாள். கபில நிறத்தில் உதிரியான படிவு கொஞ்சம் விழுந்தது. தார் போலப் பளபளத்து ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. அது தீப்பிடித்தால் குழாயே அடுப்பாகிவிடும். இது அப்படியில்லை. கதவின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்தது. ஒரு விறகைப் புதிதாகப் பிளந்து ஈரமானியைக் குத்தினாள். நன்றாகக் காய்ந்திருந்தது. சாம்பலுக்கு மூடியுள்ள தகர வாளி ஒன்று வாங்கி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வளவில் வைத்தாள்.

இராச் சாப்பாடு முடிந்து குசினி அடங்கிய பிறகு முதல் நெருப்பை மூட்டினாள். சின்னதாக, நன்றாகக் காற்று விட்டு, சுவாலை தெரிய. புகை ஒரு துளி உள்ளே வரவில்லை. ஸபீரா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவர் உவ்வளவு கெதியா மூட்டமாட்டார். ஒரு மணித்தியாலம் திட்டித்தான் மூட்டுவார்" என்றார். அடுப்பு எரியப்போகிறதென்று, அன்றுதான் முதல்முறையாகத் தட்டிலிருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டிருந்தார்.

அதன் பிறகு தினமும் எரிந்தது. ஷம்லா தினமும் சோதித்தாள், எப்போதும் அதே நேரத்தில், சமையல் முடிந்த பிறகு. எப்போதும் நன்றாகவே இழுத்தது.

ஆனால் ஸபீராவுக்குத் தலையிடி வரத் தொடங்கியது. பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில், ஆட்கள் வந்து போகும் நாட்களில். வந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். அழுதழுது வாற தலையிடி, அது இருக்கும், என்றார்கள். ஷம்லாவுக்கும் வந்தது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியது போல. ஒரு ஞாயிறு பின்னேரம் குமட்டிக்கொண்டும் வந்தது. அடுப்பின் மேல் சந்தேகப்பட்டு மறுபடி கதவு விளிம்பின் இறுக்கத்தைப் பார்த்தாள், குழாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள், உள்ளே சுவாலையைத் திருப்பும் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். குறை எதுவும் இல்லை. கருவியில் குறையில்லையென்றால் மிச்சம் துக்கம்தான். துக்கத்தை அளக்க அவளிடம் மானி இல்லை. பனடோல் வாங்கி வந்தாள்.

நாற்பதாம் நாள் கத்தம், இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் நாள், ஒரு ஞாயிறில் வந்தது. ஆண்கள் ஸஜீத்தின் வீட்டில் கூடி ஓதுவதென்றும், சாப்பாடு அஜின்கோர்ட்டிலிருந்து போவதென்றும் ஏற்பாடு. ஸபீராதான் அப்படி விரும்பினார். அஹமதுவின் பெயரில் கொடுக்கும் சோறு அவர் வீட்டில்தான் வேகவேண்டும். நெய்ச்சோறு, இறைச்சிக்கறி, கத்தரிக்காய் மோஜு, வட்டிலப்பம். உதவிக்குப் பக்கத்து வீட்டு வேரோனிக்கா வந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர், மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரி, வாய் மூடாதவர். குசினியில் ஸஜீத் புதிதாகப் பூட்டிக் கொடுத்திருந்த காற்றிழுக்கும் ஃபான் இரைந்துகொண்டிருந்தது. மௌத்து வீட்டில் சமையல் கூடுமென்று, ஜனாஸா அடக்கம் முடிந்த வாரமே கொண்டுவந்து பூட்டியிருந்தான். உணவகத்துக்குப் போடுகிற அளவு.

"என்ன ஃபான் இது? வட்டிலப்பத்தையும் இழுத்துக்கொண்டு போயிடும்போல கிடக்குது" என்று வேரோனிக்கா கத்தினார். கத்தினால்தான் கேட்டது. "ஸபீராக்கா! உங்கட மகன் எனக்கும் ஒண்டு பூட்டித் தருவாரோ? என்ர மனுசனை அதுக்குக் கீழ இருத்தப்போறன். குறட்டையை இழுத்துக்கொள்ளும்."

முன்னறையில் ஸபீரா வெள்ளை உடுப்போடு, தஸ்பீஹ் மணியோடு அடுப்பருகில் இருந்தார். காலையில் மூட்டிய நெருப்பு. வெளியே குளிர் அவ்வளவு இல்லை, மந்தமான நாள். சுவாலை அடங்கித் தணல் மட்டும் சிவந்து கிடந்தது. சாம்பிராணி வாசமும் வெங்காயம் பொரியும் வாசமும் வீட்டை நிறைத்தன.

மத்தியானம் கடந்து வேரோனிக்கா வெங்காயச் சட்டியை விட்டுக் கதிரையில் அமர்ந்தார். நெற்றியைப் பிடித்தார்.

"என்ன அன்ரி?"

"தலை வெடிக்குது பிள்ளை. கயிறு போட்டு இறுக்கினமாதிரி. வயித்தையும் பிரட்டுது."

ஷம்லா கத்தரிக்காய்த் தட்டோடு நின்றாள். அவளுக்கும் அதே கயிறு. உம்மாவுக்கும் காலையிலிருந்து. ஆனால் வேரோனிக்கா அழவில்லை. காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தவர். துக்கம் இந்த மனுசிக்கு எப்படித் தலையிடி கொடுக்கும்?

நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். நடைவழியில் புகை அலாம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வளையம் மட்டும் இருந்தது.

அந்த வீட்டில் மிளகாய் வறுப்பதற்கு முன் செய்யும் முதல் வேலை அலாமைக் கழற்றுவது. ஸ்காபரோவின் தமிழ் வீடுகளிலெல்லாம் அதுதான் வழக்கம். வறுத்து முடிந்ததும் திரும்பப் பூட்டுவார்கள். வாப்பா மறக்காமல் பூட்டுவார். கதிரையில் ஏறித் திட்டிக்கொண்டே.

"அன்ரி, அலாம் எங்க?"

"உந்தக் கத்துறதோ? மௌத்து வீட்டிலயே கழட்டியாச்சே. ஓதிக்கொண்டிருக்கேக்க ஒரே கத்தல். துவாய்க்குள்ள சுத்தி அலுமாரியிலை வைச்சிருக்குது. ஏன்?"

புகைக்கு மட்டுமான அலாம் அல்ல அது. காபன் மொனொக்சைட்டுக்கும் சேர்த்தது. மணமில்லாத, நிறமில்லாத அந்த வாயு தணலிலிருந்துதான் கூடுதலாக வரும். ஷம்லா ஃபானைப் பார்த்தாள். பிறகு முன்னறைப் பக்கம் பார்த்தாள். நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு அவள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். இவ்வளவு காற்று வெளியே போனால் அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். ஸஜீத் போன வருடம் ஜன்னல்களையெல்லாம் மாற்றியிருந்தான், ஒரு இடுக்குக் கிடையாது. தணல் தணிந்து குழாயின் இழுவை குறைந்த நேரம். காற்று வருவதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. புகைபோக்கி. மேலே போகவேண்டியது கீழே வந்துகொண்டிருந்தது.

"அன்ரி, சட்டியை நிப்பாட்டிப்போட்டு வெளியில போங்கோ. இப்பவே."

"சோறு அடிப்பிடிக்கும் பிள்ளை…"

"பிடிக்கட்டும். போங்கோ!"

போகிற போக்கில் ஃபானை நிறுத்தினாள். அலுமாரியைத் திறந்து துவாயை உதறி அலாமை எடுத்து வளையத்தில் திருகினாள். அது யோசித்து முடிக்க நேரமெடுக்கும். அவள் காத்திருக்கவில்லை. முன்னறைக்கு ஓடினாள்.

"உம்மா, எழும்புங்கோ. வெளியில போகோணும்."

ஸபீரா கண்ணைத் திறந்தார். "எங்க?"

"ரோட்டுக்கு. வீட்டுக்குள்ள நச்சுக்காத்து. அடுப்பிலயிருந்து."

"நான் எப்பிடி ரோட்டுக்கு வாறது? எனக்கு இத்தா."

"உயிருக்கு ஆபத்தெண்டால் வெளிக்கிடலாம் உம்மா. மௌலவி சொன்னவர்."

"அவர் சிம்னிக்காரனுக்குச் சொன்னது. நீ எல்லாத்துக்கும் அதையே சொல்லாத. கதவைத் திற, காத்து வரட்டும். நான் இதிலயே இருக்கிறன்."

ஷம்லா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஸபீரா வரவில்லை. மெலிந்த மனுசி, ஆனால் கதிரையோடு ஒன்றாகிவிட்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. கண்கள் சரியாக ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நாப்பது நாள் காத்தனான். அவர் எப்பவும் சொல்லிக்காட்டுவார், உனக்கு ஒண்டும் முடிவு வரைக்கும் செய்யத் தெரியாதெண்டு. நான் வாசலைத் தாண்டமாட்டன்."

ஷம்லாவுக்குச் சத்தம் போடத் தோன்றியது. போடவில்லை. கணக்குச் சரியாக இருந்தது, இந்த மனுசியின் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரு கதவில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"சரி. வாசலைத் தாண்ட வேண்டாம். பின் கதவாலை வாங்கோ. எங்கட வளவுக்குள்ள. வேலி தாண்டத் தேவையில்லை. வளவும் வீடுதானே உம்மா? அவர் விறகு அடுக்கின இடம்."

ஸபீரா யோசித்தார்.

"வேலிக்கு இங்கால எண்டால் சரி" என்று எழும்பினார். எழும்பியதும் தள்ளாடினார். ஷம்லா இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நடைவழியால் இழுத்துக்கொண்டு போனாள். குசினிப் பின்கதவை அடைந்தபோது பின்னால் நடைவழியில் அலாம் கூவத் தொடங்கியது. நாலு கூவல், ஒரு இடைவெளி, மறுபடி நாலு. புகைக்கு மூன்று. இதற்கு நாலு.

குளிர் காற்று முகத்தில் அடித்தது. வேரோனிக்கா விறகு அடுக்கில் சாய்ந்துகொண்டு வாந்தியெடுத்தார். பிறகு வாயைத் துடைத்து, "என்ர மாதாவே, நெய்ச்சோத்தை மணந்ததுக்கே இந்தத் தண்டனையோ" என்றார். ஷம்லா 911-க்கு அடித்தாள். குரல் நடுங்காமல் விலாசம் சொன்னாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. பாரச் சப்பாத்துகளோடு ஆண்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஸபீரா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். முப்பதே கூடாத வாயு, முன்னறையில் மானி முந்நூறைத் தாண்டிக் காட்டியதாக ஒருவர் வந்து சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால், என்று தொடங்கி, ஷம்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தணலைத் தகர வாளியில் அள்ளி வெளியே வைத்தார்கள், ஜன்னல்களையெல்லாம் திறந்தார்கள். அம்புலன்ஸில் வந்தது ஒரு பெண். ஒட்சிசன் கொடுக்க வண்டிக்குள் ஏறவேண்டும் என்றாள்.

"வண்டி எங்க நிக்குது?" என்று ஸபீரா மகளைக் கேட்டார்.

"எங்கட டிரைவேயில."

"அப்ப சரி. அதுவும் எங்கட வளவுதான்."

முகமூடியை முகத்தில் வைத்துக்கொண்டே தஸ்பீஹை உருட்டினார். பக்கத்தில் வேரோனிக்கா, இன்னொரு முகமூடிக்குள்ளிருந்தும் பேசிக்கொண்டிருந்தார்.

ஸஜீத் வந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. அவன் வீட்டில் ஓதிக்கொண்டிருந்தவர்கள் காத்திருந்தார்கள், சோறு போகவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தது.

"போதும். உம்மா, வெளிக்கிடுங்கோ. ஷம்லா, நான் சொன்னனான்தானே?"

"சொன்னனீங்கள்."

"அடுப்பை நாளைக்கே மூடுறன்."

"மூடலாம் நானா. முதல்ல ஒண்டைப் பாருங்கோ."

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினாள். ஜன்னல்களையும் கதவுகளையும் மூடினாள். வெறுமையான அடுப்பின் கதவைத் திறந்து, வாயருகே ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை நேராக உள்ளே போய் மேலே ஏறியது. "ஃபானைப் போடுங்கோ" என்றாள். ஸஜீத் போட்டான். இரைச்சல் எழுந்தது. புகை தயங்கியது, வளைந்தது, பிறகு அடுப்பிலிருந்து வெளியே வந்து அவள் கையைத் தாண்டிக் குசினிப் பக்கம் போனது. குளிர்ந்த கரியின் மணம் அறைக்குள் வந்தது. "இனி அந்த ஜன்னலைத் திறவுங்கோ." திறந்தான். புகை மறுபடி அடுப்புக்குள் திரும்பிப் போனது.

ஸஜீத் ஃபானை நிறுத்தினான். பிறகு சுவரில் சாய்ந்து இருந்தான்.

"நான் பூட்டின ஃபான்."

"ஃபானில பிழையில்லை நானா. காத்து வாறதுக்கு நாங்கள் வழி வைக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் அடுப்பைச் சோதிச்சன், ஒருநாளும் ஃபானைப் போட்டுச் சோதிக்கேல்லை. எனக்குத்தான் அது தெரிஞ்சிருக்கோணும்."

"உம்மாவைக் கொல்லப் பாத்தன்."

"கொல்லேல்லைத்தானே" என்று ஸபீரா உள்ளேயிருந்து சொன்னார். "இருக்கிறன். பசிக்குது. உந்தச் சோறு அடிப்பிடிச்சாலும் மேலால எடுக்கலாம், எடுத்துக்கொண்டு போ. ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம்."

அவன் எடுத்துக்கொண்டு போனான். தாயைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்கவில்லை.

மறுநாள் ஷம்லா லைசென்ஸ் உள்ள ஆளைப் பற்றி மறுபடி வாயெடுத்தாள். ஸபீரா முடிக்க விடவில்லை.

"கூப்பிடு. அவ்வளவு ஆம்பிளையளும் சப்பாத்தோட என்ர முன்னறையில நிண்டுட்டாங்கள். இந்த ஒருத்தனுக்கு மட்டும் ஏன் கதவைப் பூட்டுவான்? நான் அறைக்குள்ள இருக்கிறன்."

மாக்கஸ் என்ற உயரமான மனிதர் வந்தார். விறகைத் தட்டிப் பார்த்து மெச்சினார். குசினி ஃபானைச் சின்னதாக மாற்றி, அது ஓடும்போது தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் குழாய் ஒன்றைப் பூட்டச் சொன்னார். அடுப்பை இழுத்து வெளியே எடுத்து, பின்னால் பார்த்ததும் நிறுத்திவிட்டார். உருக்குக் குழாயும் அடுப்பும் சேரும் இடத்தில் இருந்த இடைவெளியை யாரோ கறுப்பாக எதையோ பூசி அடைத்திருந்தார்கள். கூரைக்குப் பூசும் தார். எரிகிற பொருள்.

இதை யார் செய்தது என்று கேட்டார்.

"என் அப்பா" என்றாள் ஷம்லா ஆங்கிலத்தில்.

மாக்கஸ் மெல்ல விசிலடித்தார். உங்கள் அப்பாவுக்கு நல்ல அதிர்ஷ்டம் என்றார். அவர் இறந்துவிட்டார் என்று அவள் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது. சப்பாத்துக் கயிற்றுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. ஆனால் அது சிரிப்பாகவே முடியவில்லை. மாக்கஸ் மரியாதையாகக் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூடிய அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னவாம்?"

"வாப்பா தார் பூசியிருக்கிறாராம்!"

"நான் அப்பவே சொன்னனான்! கேட்டவரே? மிஞ்சிப்போச்சுதெண்டு கொண்டுவந்து பூசினவர்."

மாக்கஸ் தாரைச் சுரண்டி, சூடு தாங்கும் கலவையால் அடைத்து, எல்லாவற்றையும் முறையாகப் பூட்டினார். அடுப்பருகிலும் படுக்கையறை வாசலிலும் புதிய அலாம் வைத்தார்கள்.

ஷம்லா வேலைக்குத் திரும்பினாள். பகலில் ஸபீரா தனியாக. வேலிக்கு அப்பாலிருந்து வேரோனிக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்தார். முதல் சில நாள் ஷம்லாவால் அலுவலகக் கதிரையில் இருக்க முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் வந்து நின்று அழைப்பாள்.

"ஃபான் நிப்பாட்டியாச்சோ?"

"நிப்பாட்டியாச்சு."

"அலாமில பச்சை லைட் தெரியுதோ?"

"தெரியுது."

"காத்துப் பிடியை முழுக்க மூடாதேங்கோ. சுவாலை தெரியோணும்."

"தெரியுது புள்ளை. நீ உன்ர வாப்பாவை விட மோசம். அவர் அடுப்பைத்தான் திட்டினவர். நீ என்னையும் சேத்துத் திட்டுறாய்."

"திட்டேல்லை உம்மா. கேக்கிறன்."

"கேட்டது காணும். போய் வேலையைப் பார். நான் விறகு வைக்கோணும்."

ஃபோனை அவர் மேசையில் வைத்தார், அணைக்கவில்லை. ஷம்லா காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். கொழுக்கி தட்டியது. கதவு மெதுவாகத் திறந்தது, ஒரேயடியாகத் திறந்தால் புகை வெளியே வரும் என்று அவள் சொல்லிக் கொடுத்தபடி. கட்டை விழுந்தது. நெருப்பு நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. கதவு மூடியது.

"நீ இன்னும் ஃபோனை வைக்கேல்லையோ?" என்றது ஸபீராவின் குரல்.

"வைக்கிறன் உம்மா."

அவள் வைக்கவில்லை. ஸபீராதான் வைத்தார்.